கணவாயில் திடீர்ப் பனி: ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்ச் சாலைகள் ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டுமே திறந்திருக்கும். அந்த நான்கைந்து மாதங்களில் கோடைகால டயர் பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே வரிசையாக ஏறி இறங்குகின்றன. காலையில் அடிவாரத்தில் இதமான வெயிலும் பிற்பகலில் உச்சியில் கொட்டும் பனியுமாக அமைகிற நாட்களும் அதே மாதங்களில்தான் வருகின்றன. வழுக்கும் தளங்களில் கார் ஓட்டுவதற்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். இது தொடர்பாக என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பெர்ன்): வணக்கம் அண்ணா. செப்டம்பர் மாதத்தில் அடிவாரத்து ஊரான ஆண்டர்மாட்டிலிருந்து ஃபுர்காவுக்குப் புறப்பட்டபோது 7 பாகை வெப்பமும் சாதாரண மழையும்தான் இருந்தன. உச்சியை நெருங்கும்போது சாலையே தெரியாத அளவுக்குப் பனி மூடிவிட்டது. வானிலை அறிவிப்பு தவறாகச் சொன்னதா?

பதில்: அறிவிப்பு தவறவில்லை, அது ஆண்டர்மாட்டுக்கான அறிவிப்பு. ஆண்டர்மாட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்திலும், ஃபுர்கா உச்சி 2,429 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும் என்பதால், கீழே 7 பாகை என்றால் மேலே உறைநிலைக்கு அருகில் என்று நீங்களே கணக்கிட்டிருக்கலாம். பனி விழுவதற்கு வெப்பம் சுழியத்துக்குக் கீழே போக வேண்டியதும் இல்லை. உறைநிலை உயரத்துக்கு, அதாவது காற்றின் வெப்பம் சுழியத்தைத் தொடும் உயரத்துக்கு, 200, 300 மீட்டர் கீழே வரையிலும் பனி உருகாமலேயே தரைக்கு வந்து சேரும்.

பலர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. கனத்த மழை நீடிக்கும்போது, மேலிருந்து விழும் பனித்துகள்கள் உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. காற்று குளிர்கிறது, மழைக்குப் பதில் பனி விழும் எல்லையான பனிக்கோடு கீழே இறங்குகிறது. நாற்புறமும் மலை சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்குகளில் இது ஓரிரு மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஆகவே ஆல்ப்ஸில் புறப்படுமுன் ஊரின் வெப்பநிலையைப் பார்ப்பது போதாது. அன்றைய உறைநிலை உயரம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அந்த எண் கணவாயின் உயரத்தை நெருங்கியிருந்து, மழையும் எதிர்பார்க்கப்பட்டால், கோடைகால டயருடன் ஏறாதீர்கள். 2024 செப்டம்பர் நடுவில் ஆஸ்திரிய மலைகளில் கனத்த பனி பெய்தபோது நாட்காட்டியின்படி இலையுதிர்காலம்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, அடுத்த ஆண்டு மியூனிக்கில் நான்கு சக்கர இயக்கமுள்ள போர்ஷே 911 ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆல்ப்ஸ் கணவாய்களில் ஓட்டத் திட்டமிட்டுள்ளோம். நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் சிறு பனிப்பொழிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. இந்த நம்பிக்கைதான் அனுபவமுள்ள ஓட்டுநர்களைக்கூட மலை உச்சியில் கொண்டுபோய் மாட்டிவைக்கிறது என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கோடைகால டயரின் ரப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பந்தயத் தளத்துக்கென்றே செய்யப்படும் மிகையான பிடிமானமுள்ள டயர்கள் கடுங்குளிரில் விரிசல் விடக்கூடும் என்று அவற்றைச் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். டயரின் அகலமும் பனியில் எதிராகவே வேலை செய்கிறது: அகலமான டயரில் எடை பரந்து விழுவதால், அது பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்காமல் மேலேயே மிதக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் பிடிமானத்தை, அதாவது காரின் எடையோடு ஒப்பிட்டால் டயர் பிடிக்கும் விசையை, 0.85 என்று கொண்டால், இறுகிய பனியில் இத்தகைய டயருக்கு 0.15 கிடைக்கலாம்.

இனி 10 சதவீதச் சரிவுள்ள சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் காரை எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக் பிடித்தால் சரிவும் உங்களுக்கு உதவுவதால் சுமார் 14 மீட்டரில் கார் நின்றுவிடும். அதே இடத்தில், அதே வேகத்தில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் நிற்பதற்குச் சுமார் 70 மீட்டர் தேவைப்படும். பனி உறைந்து பிடிமானம் 0.1 ஆகக் குறைந்தால் அந்தக் கார் நிற்கவே நிற்காது. சரிவு இழுக்கும் விசையும் டயர் பிடிக்கும் விசையும் சமமாகிவிடும்.

நான்கு சக்கர இயக்கம் இதில் எதை மாற்றுகிறது? ஏறுவதை மட்டும். பின்சக்கர இயக்கமுள்ள 911-இல் எடையின் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது, அதனால் 0.15-இன் அறுபது சதவீதமான 0.09 பிடிமானம்தான் ஏறுவதற்குக் கிடைக்கும். 10 சதவீத ஏற்றத்தில் அது திணறி நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் இயங்கும் கார் முழு 0.15-ஐயும் பயன்படுத்திக்கொண்டு அமைதியாக ஏறிவிடும். பிரேக் என்பதோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. எனவே பின்சக்கர இயக்கக் கார் உங்களைப் பாதி வழியில், இன்னும் திரும்பக்கூடிய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. நான்கு சக்கர இயக்கக் கார் உச்சிவரை ஏற்றிவிட்டு, இறங்க முடியாத சரிவின் முன்னால் உங்களை விட்டுவிடுகிறது. வாடகைக் காரை எடுக்கும்போது குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன், டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்களுக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கேள்வி (ஸூரிச்): பனி விழத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: திரும்புங்கள். சாலை கறுப்பாகத் தெரியும்வரை திரும்புவது எளிது. இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும் கறுப்பாகவும் நடுப்பகுதி வெண்மையாகவும் மாறிவிட்டால், இன்னும் பத்து நிமிடத்தில் அந்தத் தடங்களும் மறைந்துவிடும் என்று பொருள். கொண்டை ஊசி வளைவின் நடுவில் திரும்ப முயலாமல், அகலமான ஒதுங்குமிடத்தில் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு, மலைச்சுவர் உள்ள பக்கமாகத் திருப்புங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், நடு எஞ்சின் கொண்ட இரண்டு இருக்கைக் கார் ஒன்றில், ரியால்ப் பக்கமிருந்து நான் ஃபுர்காவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பனி மெல்லத் தொடங்கியது. கார் சிறிதும் வழுக்காததால், உச்சி அருகில்தானே என்று ஏறிவிட்டேன். மறுபக்கம் கிளெட்ச் நோக்கி இறங்கும்போது, நடை வேகத்தில் எடுத்த ஒரு வளைவில் ஸ்டீயரிங் முழுதும் திரும்பியிருந்தும் கார் நேராகவே போய்க்கொண்டிருந்தது. தடுப்புக் கல்லுக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றது. நின்றதில் என் திறமைக்குப் பங்கு எதுவும் இல்லை. அன்று ரியால்ப்பிலேயே காரை ரயிலில் ஏற்றியிருந்தால், 1982 முதல் இயங்கும் ஃபுர்கா அடிச்சுரங்கத்தின் வழியாக, 15 கி.மீ. தொலைவைக் கடந்து மறுபக்கத்து ஓபர்வால்டில் பாதுகாப்பாக இறங்கியிருப்பேன். கோத்தார்டு கணவாயிலும் நிலைமை இதுவே: மேலே பனி என்றால், கீழே ஏறத்தாழ 17 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கம் இருக்கிறது. இந்த மலைகளில் மாற்று வழி பெரும்பாலும் உண்டு. ஆனால் அது அடிவாரத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி (ஷ்டுட்கார்ட்): ஏறிவிட்டோம், இனி இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில், எஞ்சின் பின்னால் உள்ள காரை எப்படி இறக்குவது?

பதில்: முதலில், உண்மையிலேயே இறங்கியாக வேண்டுமா என்று கேளுங்கள். உச்சியில் உணவகமோ வாகன நிறுத்துமிடமோ இருந்தால், பனி அகற்றும் வண்டி வரும்வரை அங்கேயே காத்திருப்பதுதான் நல்லது.

இறங்கத்தான் வேண்டுமென்றால், நகரத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியரில் போட்டுவிடுங்கள். ஓட்டமுறை ஸ்போர்ட்டில் இருந்தால் மாற்றிவிடுங்கள். 2019-க்குப் பின் வந்த 911 வகைகளில் நனைந்த சாலைக்கான முறை ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் பின்னால் உள்ள காரில் முன்சக்கரங்களின் மேல் எடை குறைவு என்பதால், வளைவில் ஸ்டீயரிங் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் நேரே போகும். அந்த அச்சத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால், எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்க, கனமான பின்பகுதி வெளிப்புறமாக வீசப்படும். இந்த இரண்டு தவறுகளும் ஒரே நொடிக்குள் அடுத்தடுத்து நடப்பதைப் பயிற்சித் தளத்தில் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே பிரேக், திருப்பம் இரண்டையும் ஒருசேரக் கேட்காதீர்கள். வளைவுக்கு வெகு முன்னால், நேரான பகுதியில் மெல்லப் பிரேக் பிடித்து நடை வேகத்துக்கு வந்து, பிரேக்கை விட்டு, அதன்பின் திருப்புங்கள். முன்பக்கம் திரும்பவில்லையென்றால் ஸ்டீயரிங்கை மேலும் திருப்பாமல் சற்றே நேராக்குங்கள். டயருக்குப் பிடிமானம் திரும்பக் கிடைப்பது அப்போதுதான். பிறர் ஓட்டி மினுமினுப்பாக்கிய தடத்தைவிடச் சாலையோரத்து மிதிபடாத பனியில் பிடிமானம் சற்று அதிகம். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 10 முதல் 13 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். பனி அதைவிட ஆழமானால் காரின் அடிவயிறு பனியில் அமர்ந்து சக்கரங்களின் எடை குறைந்துவிடும். அந்த ஆழத்தில் எந்த உத்தியும் பயன் தராது.

கேள்வி (லூசெர்ன்): பிரேக் மிதிக்கும்போது பெடல் காலின் கீழே அதிர்ந்தது. பிரேக் பழுதா?

பதில்: இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. அவசரமாகப் பிரேக் பிடிக்க நேர்ந்தால் காலை எடுக்காமல் அழுத்தியபடியே திருப்புங்கள். தளர்வான பனியில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைச் சற்று நீட்டக்கூடும், ஏனெனில் பூட்டிய சக்கரத்தின் முன் பனி குவிந்து தடை போடுவதை அது அனுமதிப்பதில்லை. அதற்கு ஈடாகத் திருப்பும் ஆற்றலை உங்களுக்கு விட்டுவைக்கிறது. மலைச்சாலையில் அது மேலான பரிமாற்றம் என்பேன்.

கேள்வி (இன்ஸ்புரூக்): கோடைகால டயரின் மேல் பனிச் சங்கிலி மாட்டிக்கொண்டு இறங்கலாமா?

பதில்: உங்கள் காரின் கையேடு அனுமதித்தால் மட்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் டயருக்கும் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் இடையில் சங்கிலி நுழையும் இடைவெளி கிடையாது; சிலவற்றில் குறிப்பிட்ட அளவுச் சக்கரத்தில், பின்பக்கம் மட்டும், மெல்லிய சங்கிலிக்கு அனுமதி உண்டு. பின்சக்கரத்தில் மட்டும் சங்கிலி போட்டு இறங்கும்போது முன்சக்கரங்கள் பழைய நிலையில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். கார் நிற்கும், ஆனால் திரும்பாது. துணியாலான டயர் உறையைச் சுருட்டிச் சிறு பையில் வைத்துக்கொள்ளலாம், உலோகத்தைப் போல எதையும் கீறாது. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து வாங்கி, வெயில் நாளில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். பனியில் விறைத்த விரல்களோடு முதன்முறையாக மாட்ட முயல்பவர்கள் சாலை நடுவில் மண்டியிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கேள்வி (பாரிஸ்): குழந்தைகளுடன் வண்டியிலேயே சிக்கிக்கொண்டால்?

பதில்: அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். சூடு வேண்டி எஞ்சினை ஓட்டுவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது திறந்து வைத்து, பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் புகைக்குழாய் தரையை ஒட்டியே இருப்பதால் மற்ற வண்டிகளைவிட விரைவில் அடைபடும். அடைபட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். தூக்கம் வருவதைப் போலத்தான் இருக்கும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைப்பகுதியில் பனியில் சிக்கிய வண்டிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (பாசெல்): கோடைகால டயருடன் பனியில் ஓட்டுவது சட்டப்படி குற்றமா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். சுவிட்சர்லாந்தில் குளிர்கால டயர் கட்டாயம் என்று பொதுச் சட்டம் இல்லை. ஆனால் அதனால் விபத்து நேர்ந்தாலோ போக்குவரத்து தடைபட்டாலோ பொறுப்பு உங்களுடையது, காப்பீட்டுத் தொகையும் குறைக்கப்படலாம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் வேண்டும். ஜெர்மனியில் தேதி இல்லை, சாலையின் நிலைதான் அளவுகோல். 2024 அக்டோபர் முதல் அங்கே நான் மேலே சொன்ன பனிப்படிக முத்திரை இல்லாத டயர் குளிர்கால டயராகக் கருதப்படாது.

கேள்வி (சூர்): பனியினால் ஆண்டர்மாட்டிலேயே இரவு தங்கிவிட்டோம். காலையில் நல்ல வெயில். உடனே புறப்படலாமா?

பதில்: தங்கியது மிகச் சரியான முடிவு, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். காலை ஏழு மணிக்கு மட்டும் புறப்படாதீர்கள். முந்தைய நாள் உருகிய நீர் இரவில் சாலையின் குறுக்கே கண்ணாடிபோல உறைந்திருக்கும். வெயில் படாத வடக்குப் பார்த்த வளைவுகளிலும் பாலங்களின் மேலும் அது கறுத்த ஈரம்போலத்தான் தெரியும். அடிவாரத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் கணவாய் திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பனி அகற்றும் வண்டி போய்வந்த பின், பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். இரவுக் குளிரில் டயரின் காற்றழுத்தமும் குறைந்திருக்கும், பத்து பாகைக்கு ஏறத்தாழ 0.1 பார் என்ற கணக்கில், அதையும் சரிபார்த்துவிடுங்கள். எதிரே வரும் ஓட்டுநர் எவரையாவது ஒதுங்குமிடத்தில் சந்தித்தால், மறுபக்கச் சாலை எப்படி இருக்கிறது என்று கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள்.