கார்பனின் இனக்கலப்பு: பிணைப்பைப் பார்க்காதீர்கள், அணுவை எண்ணுங்கள்

கேள்வி: இரட்டைப் பிணைப்பு என்றால் எஸ்பி2, முப்பிணைப்பு என்றால் எஸ்பி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். அலீன் (மூன்று கார்பன்கள் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகளால் இணைந்த சேர்மம்), கார்பன் நேரயனி (நேர்மின் சுமையுள்ள கார்பன்) வந்தால் தப்பாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி உண்டா?
– பிளஸ் 2 மாணவி, பாலக்கோடு

பதில்: உண்டு. இனக்கலப்பு என்பது கார்பனின் எஸ், பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள்) கலந்து ஒரே மாதிரியான ஆர்பிட்டால்கள் ஆவது; எஸ்பி3, எஸ்பி2, எஸ்பி அதன் வகைகள். அந்தக் கார்பனோடு நேரடியாக இணைந்த அணுக்களை எண்ணுங்கள். அதே கார்பன் மீது தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்கள்) இருந்தால் ஒன்று கூட்டுங்கள். நான்கு வந்தால் எஸ்பி3, மூன்று வந்தால் எஸ்பி2, இரண்டு வந்தால் எஸ்பி. ஓர் அணுவோடு எத்தனை பிணைப்பு இருந்தாலும் அதில் இரு அணுக்களுக்கும் நேராக நடுவில் அமையும் சிக்மா பிணைப்பு ஒன்றுதான், மிச்சமெல்லாம் பக்கவாட்டில் அமையும் பை பிணைப்பு. பை பிணைப்பு இனக்கலப்பில் சேராத பி ஆர்பிட்டாலில் உண்டாவதால் கணக்கில் வராது.

உங்கள் பக்கத்துப் புளியிலேயே பார்க்கலாம். அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் நான்கு கார்பன்கள். ஓரத்துக் கார்பாக்சில் (COOH) கார்பனைத் தொடுபவை ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். ஆக மூன்று, எஸ்பி2. நடுக் கார்பனைத் தொடுபவை இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். ஆக நான்கு, எஸ்பி3. ஆக்சிஜன் மேலுள்ள தனித்த இரட்டையைக் கார்பன் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கோட்டு வாய்பாடாக (கார்பனை எழுதாமல் கோடுகளால் மட்டும் வரைவது) இருந்தால் ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. முதலில் அதைப் பென்சிலால் எழுதிவிட்டு எண்ணுங்கள்.

மாங்காய் பழுக்க வைக்க அனுமதியுள்ள எத்திலீனில் இரு கார்பனும் எஸ்பி2, கோணம் ஏறத்தாழ 120 டிகிரி. தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வரும் அசிட்டிலீனில் இரண்டும் எஸ்பி, 180 டிகிரி.

இனி உங்களைக் குழப்பியவை. அலீனின் நடுக் கார்பனில் இருப்பவை இரண்டு இரட்டைப் பிணைப்புகள்தான், முப்பிணைப்பு இல்லை. ஆனால் அதைத் தொடுவது இரண்டே அணு, எனவே எஸ்பி. ஓரக் கார்பன்கள் எஸ்பி2. மெத்தில் நேரயனியில் மூன்று ஹைட்ரஜன், காலி பி ஆர்பிட்டால்: எஸ்பி2. மெத்தில் எதிரயனியில் மூன்று ஹைட்ரஜனோடு ஒரு தனித்த இரட்டை: எஸ்பி3. மெத்தில் தனி உறுப்பில் ஒற்றை எலக்ட்ரானை எண்ணக் கூடாது: எஸ்பி2.

முக்கியமாக ஓர் இடத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். எதிர்மின் கார்பனை ஒட்டியே இரட்டைப் பிணைப்பு இருந்தால், அல்லைல் எதிரயனி போல, அந்தத் தனித்த இரட்டை உடனிசைவுக்காக (எலக்ட்ரான்கள் பக்கத்து அணுக்களிலும் பரவுவது) பி ஆர்பிட்டாலுக்குப் போய்விடும். எண்ணினால் நான்கு வரும், விடை எஸ்பி2. எதிர்க்குறியைக் கண்டால் பக்கத்துக் கார்பனையும் பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.