ஞானப்பல் எடுக்கப்போகும் கிள்ளான் தம்பிக்கு: அரிசி ஊர் என்று அசந்துவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து சென்னைக்கு வந்து மூன்று மாதம், சோழிங்கநல்லூரில் வேலை, சீலியாக் இருக்கிறது (கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய்), அடுத்த வாரம் கீழ்த்தாடையில் இரண்டு ஞானப்பல் எடுக்கிறார்கள். எந்த மருத்துவமனை, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் லீவு, இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, சென்னையில் எல்லாம் அரிசிதானே" என்று முடித்திருக்கிறீர்கள். முதல் நாலு கேள்விக்கும் உங்கள் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். வாய் அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவராகப் பாருங்கள், வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும், போதும். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கடைசி வரிதான்.

நானும் கிள்ளான்தான். 2005-இல் கல்யாணமாகி நங்கநல்லூருக்கு வந்தேன். காலையில் பக்கத்து வீட்டு மாமியிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டால் அவர் விழிப்பார், இங்கே "டிபன் ஆச்சா?" என்றுதான் கேட்க வேண்டும் என்று தெரியவே ஒரு மாதம் ஆனது. அப்புறம் இரண்டு வருடம் ஓயாத வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். தென்னிந்தியாவில் இந்த நோய் வடக்கைவிட ரொம்பக் குறைவு, அதனால் டாக்டர்களுக்கே சட்டென்று தோன்றாது. ரத்தப் பரிசோதனை செய்து, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று சொன்னபோது 2007. சப்பாத்தி, பரோட்டா, பிரெட், ரவை எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்தினேன். சோறு தின்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டோமே, நல்ல வேளை என்று உங்களைப் போலவேதான் நானும் நினைத்தேன்.

2011-இல் எனக்கு ஞானப்பல் எடுத்தார்கள். எலும்புக்குள் படுத்துக் கிடந்த பல், துண்டு துண்டாக வெட்டி எடுத்து மூன்று தையல் போட்டார்கள். இந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவே தூக்குவாளியோடு வந்துவிடும், அந்த அன்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாடி வீட்டிலிருந்து சத்துமாவுக் கஞ்சி வந்தது, எதிர் வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் வந்தது. இரண்டையும் நான் தொடவில்லை. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு, நம் ஊர் மைலோவை விட்டபோதே மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, என்ற சொல்லைக் கண்டால் விலகிவிடப் பழகியிருந்தேன். சத்துமாவில் கோதுமையையும் வறுத்துப் போட்டுத்தான் அரைப்பார்கள். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், காலையும் மதியமும் குழைந்த சாதத்தைக் கையாலேயே பிசைந்து, ஆறிய தெளிவு ரசம் ஊற்றித் தந்தார். நடுவில் நீர்மோர், இரவுக்குத் தயிர்சாதம்.

நாலாம் நாள் வயிறு உப்பிக்கொண்டது. நிற்காமல் போனது. தையலுக்குப் பக்கத்திலேயே வாய்ப்புண் வேறு. பல் டாக்டர், அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் இருக்கும் என்றார். அந்த மாத்திரையும் வயிற்றைப் புரட்டும்தான், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாத்திரை தீர்ந்து ஐந்து நாளாகியும் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் ரசத்துக்கு என்னதான் போடுகிறார்கள் என்று சமையல்கட்டில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் அடிப்பக்கம், ஒட்டியிருந்த மஞ்சள் பொடியைத் துடைத்தால், கடுகளவு எழுத்தில் கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று இருந்தது. கால் துவண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாகச் சாம்பாரில், ரசத்தில், மோரில், இட்லிப் பொடியில், ஊறுகாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருந்திருக்கிறேன், மருந்து சாப்பிட்டும் ரத்தம் ஏறாததற்கு அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது. அத்தை அழுத அழுகையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பெருங்காயம் என்பது ஒரு செடியின் பால், ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருவது. அதன் காரம் தாங்காது என்று மாவு கலந்துதான் கடைப்பொடி செய்கிறார்கள். அரிசி மாவு கலந்ததும் இப்போது கிடைக்கிறது, படித்துப் பார்த்து வாங்குங்கள். நாட்டு மருந்துக்கடையில் பால் பெருங்காயம், மாவு கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி, அதை நம்பலாம். ஹோட்டல் ரசத்தையும் மசாலா மோர்ப் பாக்கெட்டையும் நம்பாதீர்கள்.

பல் எடுத்த பிறகு வாயே திறக்க முடியாது, எதையும் விசாரிக்கவும் தெம்பு இருக்காது. அதனால் எல்லாவற்றையும் இந்த வாரமே செய்து வையுங்கள். பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்த கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, வீட்டு மாவு இட்லியைப் பாலில் ஊறவைத்தது, தயிர், மசித்த வாழைப்பழம், முட்டை, இவ்வளவு போதும் ஒரு வாரத்துக்கு. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், ஆனால் மாவு மில்லில் அரைத்தது வேண்டாம், உங்களுக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். முழுத் தானியத்தை வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா மட்டும் கூடவே கூடாது, டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். உறிஞ்சினாலும், காறித் துப்பினாலும், சிகரெட் பிடித்தாலும் பல் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியலாம், மூன்றாம் நாள் காது வரை தெறிக்கும் வலி அது. முதல் நாள் எதுவும் சூடாக வேண்டாம், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் மறுநாளிலிருந்துதான்.

டாக்டரிடம் சீலியாக் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் ரத்தம் உறையும் நேரமும் முன்கூட்டியே பாருங்கள், குடல் சரியாக உறிஞ்சாதவர்களுக்கு வைட்டமின் கே குறைந்து ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். மரத்துப்போகப் போடும் ஊசியில் பயமில்லை. மாத்திரையில்தான் கவனம் வேண்டும், அட்டையில் மருந்தின் பெயர் இருக்குமே தவிர, அதில் சேர்த்த ஸ்டார்ச் எதிலிருந்து எடுத்தது என்று இருக்காது. பெரும்பாலும் மக்காச்சோளம்தான், இருந்தாலும் பெயரை முதல் நாளே வாங்கி, கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "இங்கே உனக்கென்ன, எல்லாம் அரிசி" என்று உங்களிடம் சொன்னது யார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. இருபது வருடமாக இந்த ஊரில் இருந்தும் ஒரு மளிகைக் கடைக்குள் நின்று பேசாத நம் ஆட்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை கூடி வெயிலையும் ஆட்டோவையும் திட்டிவிட்டு, ரொட்டி சானாய்க்கு ஏங்கிவிட்டுக் கலைவார்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் யோசனை எல்லாம் கேள்விப்பட்டதுதான். கிள்ளானில் கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலைத் திருப்பிக் கோதுமை இருக்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் வாங்க மாட்டீர்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள். எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி இப்போது புதுச் சரக்கு வந்தால் பின்பக்கத்தை அவரே படித்துப் பார்த்துவிட்டுத்தான் என் பையில் போடுகிறார்.

2014-இல் எனக்கு மறுபக்கத்துப் பல் எடுத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அத்தை தனி ஈயச் சொம்பு, தனிக் கரண்டி, தனி அஞ்சறைப்பெட்டி எல்லாம் வாங்கி வைத்துவிட்டார். பால் பெருங்காயத்தை மிளகளவு கிள்ளி, கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரில் நாலு சொட்டு ரசத்தில் விட்டார். அவருக்கு இப்போது 78 வயது, இன்னும் அதே கிண்ணம்தான். உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்குச் சமைத்துப்போட இங்கே யார் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். சனிக்கிழமை நங்கநல்லூர் பக்கம் வந்தால் ஒரு துண்டு பால் பெருங்காயம் பொட்டலம் கட்டித் தருகிறேன், ரசம் வைக்கிற பக்குவத்தை அத்தையே சொல்லித் தருவார்.