பட்டறைப் பதில்கள்: சாராய வண்டியும் ரேஸ் காரும்

கேள்வி: 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுக் கார் பந்தயத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் கார் ரேஸை வளர்த்ததே சாராயக் கடத்தல்காரர்கள்தான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: எல்லா ரேஸுக்கும் அது பொருந்தாது. 1909-ல் இண்டியானாபொலிஸ் டிராக்கைக் கட்டியவர்கள் தொழிலதிபர்கள். ஆனால் தென் மாநிலங்களில் பிறந்த நாஸ்கார் பந்தயத்தை (ரோட்டில் ஓடும் கார் மாதிரியான வண்டிகளை வைத்து நடத்துவது) பொறுத்தவரை உங்கள் நண்பர் சொன்னது சரி.

நான் புதுப்பேட்டையில் வேலை பழகிய காலத்தில், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற அம்பாசடர் ஒன்று பட்டறைக்கு வந்தது. குனிந்து பார்த்தால் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதல். "வெயிட் ஏத்துறவன் வண்டிடா" என்றார் மேஸ்திரி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சாராய வண்டிகளிலும் இதே வேலைதான். சரக்கு ஏற்றினால் ஃபோர்டு வி8 கார் மட்டமாக நிற்கும். காலியாக வந்தால் பின்பக்கம் தூக்கும், போலீஸ் கண்டுபிடித்துவிடும். மதுவிலக்கு 1933-ல் முடிந்த பிறகும் வரி கட்டாமல் காய்ச்சுவது நிற்கவில்லை. மலைப் பாதையில் போலீஸுக்குத் தண்ணி காட்டிய பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண் டிராக்கில் இறங்கினார்கள்.

அவர்களுக்குப் பணம் போட்டவர் அட்லாண்டாவின் ரேமண்ட் பார்க்ஸ். கள்ளச்சாராயமும் நம்பர் லாட்டரியும் அவர் தொழில், ஜெயிலுக்கும் போனவர். அவருக்கு ஓட்டிய லாயிட் சீ என்ற 21 வயதுப் பையன், 1941 செப்டம்பர் 1-ல் அட்லாண்டா லேக்வுட் டிராக்கில் ஜெயித்தான். மறுநாளே அவனைச் சொந்த உறவுக்காரனே சுட்டுக் கொன்றான். தகராறு எதற்குத் தெரியுமா? சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக் கணக்கு! இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனாலும் ஓட்டுநர்களை நிஜமாக ஏமாற்றியவர்கள் சில பந்தய ஏற்பாட்டாளர்கள்தான். ரேஸ் முடிவதற்குள் டிக்கெட் காசைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதை ஒழுங்குபடுத்தத்தான் பில் பிரான்ஸ் என்ற பந்தய ஏற்பாட்டாளர் 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் கூட்டம் போட்டார். நாஸ்கார் அமைப்பு பிறந்தது அதிலிருந்துதான். அங்கே பார்க்ஸும் இருந்தார். 1949-ல் ரெட் பைரன் என்ற ஓட்டுநர் நாஸ்கார் பட்டம் வென்றது பார்க்ஸின் காரில்தான்.

அப்புறம் கர்டிஸ் டர்னர் என்ற நாஸ்கார் ஓட்டுநர். சார்லட் டிராக்கைக் கட்டிக் கடனில் மாட்டியவர். 1961-ல் அவர் கடன் கேட்டுப் போனது டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் தொழிற்சங்கத்திடம். மாஃபியா தொடர்புக்குப் பேர்போன ஜிம்மி ஹாஃபா அதன் தலைவர். பதிலுக்கு ரேஸ் ஓட்டுநர்களை அந்தச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது பேச்சு. கடன் கேட்ட இடம் தப்பு. ஆனால் அடிபட்டால் கேட்க நாதியில்லாத ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம் தேவைதான் என்பது என் கருத்து. பில் பிரான்ஸ் டர்னருக்கு ஆயுள் தடை போட்டார். 1965-ல்தான் மறுபடி வண்டி ஓட்ட விட்டார்.