பசுமைக் கொள்முதல்: தீர்மானம் நிறைவேறிவிட்டது, ஒப்பந்தப்புள்ளியில் என்ன எழுதுவது?

கேள்வி: இனி வாங்கும் பொருள்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையாக இருக்க வேண்டும் என்று எங்கள் நகராட்சி மன்றம் தீர்மானித்திருக்கிறது. கொள்முதல் பிரிவில் நாங்கள் மூன்று பேர்தான். குறைந்த விலைப்புள்ளியைத் தள்ளிவிட்டு வேறொன்றை ஏற்றால் தணிக்கையில் ஆட்சேபணை எழும். வாய்ப்பை இழந்தவர் வழக்குத் தொடுக்கவும் கூடும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆட்சேபணையும் வழக்கும் பெரும்பாலும் நிபந்தனையை எழுதிய விதத்தால் வருகின்றன. “பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருத்தல் வேண்டும்” என்ற ஒற்றை வரியை ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. தம் பொருள் அப்படிப்பட்டதல்ல என்று எந்த விற்பனையாளரும் சொல்லப்போவதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

இதில் எல்லோரும் பாடமாகக் கொள்ளத்தக்க வழக்கு ஒன்று உண்டு. 1997-இல் ஹெல்சிங்கி நகர நிர்வாகம் பேருந்துச் சேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வும் இரைச்சலும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் பேருந்துகளுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டென அறிவித்தது. இரைச்சலுக்கு அது வைத்த எல்லை 77 டெசிபல். ஒப்பந்தம் கிடைக்காத நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2002 செப்டம்பரில் தீர்ப்பளித்த ஐரோப்பிய நீதிமன்றம், அளவுகோல் வாங்கப்படும் பொருளோடோ சேவையோடோ தொடர்புடையதாகவும், அதிகாரிகளின் விருப்பத்துக்கு வரம்பின்றி இடம் தராததாகவும், ஆவணத்தில் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதாகவும், போட்டியாளரிடையே பாகுபாடு காட்டாததாகவும் இருந்தால், சூழல் சார்ந்த அளவுகோல் செல்லும் என்றது. அத்தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆயினும் நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையையும் இந்தச் சோதனைகளுக்கு உட்படுத்திப் பாருங்கள்.

குறைந்த விலைக்கே ஒப்பந்தம் தர வேண்டும் என்பது உங்கள் விதியானால், மதிப்பெண் முறையைத் தொடாதீர்கள். சூழல் நிபந்தனையைத் தொழில்நுட்ப விவரக்குறிப்பிலேயே கட்டாயத் தகுதியாக எழுதிவிடுங்கள். நகல் எடுக்கும் தாளென்றால் மறுசுழற்சி இழை இத்தனை விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்றும், வண்ணப்பூச்சென்றால் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் லிட்டருக்கு இத்தனை கிராமைத் தாண்டக்கூடாது என்றும் எண்ணால் சொல்லுங்கள். அந்தத் தகுதியை எட்டாத விலைப்புள்ளி முதற்கட்டத்திலேயே நீங்கிவிடும். எட்டியவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகும். அப்போது தணிக்கையாளருக்கு உங்களிடம் நேரான பதில் இருக்கும்.

விலை என்பதையும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவு வெளிச்சம் தரும் இரண்டு தெருவிளக்குகளுள் ஒன்று 100 வாட், மற்றொன்று 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம். விளக்கு ஒன்றுக்கு ஆண்டில் 240 யூனிட்டும், பத்தாண்டில் 2,400 யூனிட்டும் மிச்சமாகும். வாங்கும் விலையோடு மின்கட்டணம், பராமரிப்பு, கழித்துக்கட்டும் செலவு ஆகியவற்றையும் கூட்டி ஒப்பிடுவதே வாழ்நாள் செலவுக் கணக்கு. அதற்கான சூத்திரத்தையும், யூனிட் விலையையும், ஆண்டுக் கணக்கையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியைத் திறந்த பிறகு கணக்குப் போடுவது ஆபத்து. நடைமுறையில் பெரிய தடை வேறோர் இடத்தில் இருக்கிறது: விளக்கை வாங்குவது ஒரு பிரிவு, மின்கட்டணம் கட்டுவது மற்றொரு பிரிவு. சேமிப்பு முதல் பிரிவின் ஏட்டில் தெரிவதே இல்லை. ஆகவே கோப்பு நகரும் முன்னரே இரு பிரிவினரையும் கணக்கு அலுவலரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

அளவுகோல்களை உருவாக்க ஆய்வகம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஜெர்மனியில் 1978-இல் தோன்றிய ‘நீலத் தேவதை’ போன்ற சுற்றுச்சூழல் முத்திரைகள், பொருள்வாரியாகத் தம் அளவுகோல்களை வெளியிட்டு வைத்திருக்கின்றன. அவற்றுள் உங்களுக்குப் பொருந்துவனவற்றை எடுத்து எழுதலாம். முத்திரையின் பெயரை மட்டும் நிபந்தனையாக்காதீர்கள். காபி இயந்திர ஒப்பந்தம் ஒன்றில் அவ்வாறு செய்த நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணத்தின் நடைமுறையை, அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தவறென்றது. முத்திரை ஒரு சான்று. அதற்கு நிகரான சோதனை அறிக்கையையும் ஏற்போம் என்ற வரி அவசியம். விற்பனையாளர் தாமே அச்சிட்டுக்கொண்ட பச்சை இலைப் படத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது.

எல்லாப் பொருளையும் ஒரே ஆண்டில் மாற்ற மூவரால் முடியாது. கடந்த ஆண்டுச் செலவுச் சீட்டுகளைப் புரட்டி, அதிகப் பணமோ எரிபொருளோ விழுங்குகிற ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றையும் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா, பழுதுபார்த்தோ வேறு பிரிவிலிருந்து பெற்றோ சமாளிக்க இயலுமா என்று முதலில் கேளுங்கள். வாங்காத பொருளுக்கு உமிழ்வும் இல்லை, தணிக்கையும் இல்லை. பிறகு, நீங்கள் கேட்கும் தரத்தில் பொருள் தர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாக விசாரித்து, அந்த விசாரணையைக் கோப்பில் பதிவு செய்யுங்கள். ஒருவர் மட்டுமே எட்டக்கூடிய எல்லையைத் தக்க காரணமின்றி வைக்காதீர்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். முதல் லோடு சரியாக வரும், மூன்றாவது லோடில் தரம் மாறியிருக்கும். தரம் தவறினால் திருப்பி அனுப்பும் உரிமையையும் அபராதத்தையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். விவரக்குறிப்புப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கிடங்குக் காப்பாளரிடம் கொடுத்து, பெட்டியைப் பிரித்து அச்சிட்ட விவரத்தை அதனோடு ஒப்பிட்ட பிறகே சரக்குப் பதிவேட்டில் கையொப்பமிடச் சொல்லுங்கள்.