குக்கூ கடிகாரம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறாள். அவள் புது வீட்டுக்கு, மணிக்கு மணி ஒரு மரப்பறவை வெளியே வந்து கூவுமே, அந்தக் குக்கூ கடிகாரம் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கூரைவீடு, இலை, மான்தலை எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைப் பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். பாரம்பரியத்தை இப்படிக் கொலை செய்யலாமா? அவளுக்கு எதை வாங்குவது?

மாலதி

அன்புள்ள மாலதி,

கொலையா? அந்த வார்த்தையை இவ்வளவு சல்லிசாக எடுத்து வீசாதீர்கள்.

நீங்கள் பாரம்பரியம் என்று சொல்கிற அந்தக் கூரைவீடே ஒரு போட்டிக்கு வரைந்த டிசைன்தான். 1850இல் ஜெர்மனியின் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதியில், ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக், காலத்துக்கேற்ற கடிகார வடிவம் வேண்டும் என்று போட்டி அறிவித்தார். பாடன் என்ற அந்த வட்டாரத்து ரயில்வேக்குக் கட்டடங்கள் வடிவமைத்த ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர், தண்டவாளக் காவலாளி வீட்டின் முகப்பை வரைந்து நடுவில் டயலை வைத்து அனுப்பிவிட்டார். அதற்குமுன் அந்தப் பறவை பெரும்பாலும் பூப்போட்ட தட்டைப் பலகைக்குப் பின்னாலிருந்துதான் கூவியது. ரயில் அன்றைக்குப் புத்தம்புது சமாச்சாரம், இன்று செல்ஃபோன் டவர் வடிவத்தில் கடிகாரம் செய்தால் எப்படியோ அப்படி. அன்றைக்கும் யாராவது ஒரு மாலதி தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஓஃபன்பர்க் என்ற ஊர்க் கலைஞர் ஷ்ட்ரும்பல் துப்பாக்கியும் மண்டையோடும் வைத்துப் பளீர் நிறத்தில் குக்கூ கடிகாரம் செய்தாரே, அதை என் வீட்டில் மாட்ட மாட்டேன். அது வேறு விஷயம்.

கோபப்பட வேண்டுமானால் பேட்டரிக் கடிகாரத்தின் மேல் படுங்கள். மேலே எவ்வளவு செதுக்கியிருந்தாலும் உள்ளே பதிவு செய்த சத்தம். அசலில் இரண்டு சின்னத் துருத்திகள், இரண்டு குழல்கள். ஒன்று 'குக்', மற்றது 'கூ'. நம்மூர்க் குயில் ஏறிக்கொண்டே போகும், இது இரண்டே சுரம், இறங்கும். துருத்தி மூச்சு விடுவது பக்கத்தில் நின்றால் கேட்கும்.

பல வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் மூன்று மாதம் ஒரு பாட்டியம்மா வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவர் கடிகாரத்தில் ஒரு துருத்தி கிழிந்துபோய் 'குக்' வராது, ஒரு 'ஹ்' மட்டும், பிறகு 'கூ'. பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு தடவை ஆஸ்துமாக்காரர் மாதிரி. ரிப்பேர் செய்யலாமே என்றேன். கணவர் இருந்தபோதே கிழிந்தது, அவர் தினமும் அந்த 'குக்'கைத் தன் வாயால் சொல்லிச் சரிக்கட்டுவார் என்றார். சொல்லிக்கொண்டே, கடிகாரத்தை ஓட்டும் எடைக்குண்டை மேலேற்றச் சங்கிலியை இழுத்தார். எனக்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, உங்கள் மகள். பெட்டி எந்த நிறமாகவும் இருக்கட்டும், சங்கிலி இழுக்கிற மாதிரி வாங்குங்கள். ஒருதரம் இழுத்துவிட்டால் ஒருநாள் ஓடுவது, எட்டு நாள் ஓடுவது என்று இரண்டு உண்டு. ராத்திரி சத்தத்தை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் மாப்பிள்ளை என்னைத் திட்டுவார்.