ஃபோ சூப் கலங்கலாக வருவது ஏன்?

எலும்பை அலசி அப்படியே அடுப்பில் ஏற்றியதாகவும், மாட்டெலும்பு ஃபோ (வியட்நாமிய நூடுல்ஸ் சூப்) கலங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். வெறும் அலசலில் உள்ளிருக்கும் இரத்தம் போகாது. 2 கிலோ எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அந்தத் தண்ணீரைத் தயங்காமல் கொட்டிவிட்டு, இடுக்குகளில் ஒட்டிய சாம்பல் நிற நுரையைக் குழாயடியில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், பாத்திரத்தையும்தான்.

பிறகு 5 லிட்டர் புதுத் தண்ணீர், தோல் கருகச் சுட்ட இஞ்சி, வெங்காயம். மூடாமல், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் தீயில் 5, 6 மணி நேரம். பொங்கிக் கொதித்தால் கொழுப்பு சிதறி நீரோடு கலந்துவிடும், அப்புறம் தெளியவைப்பது பெரும்பாடு. வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பைத் துணியில் முடிந்து கடைசி ஒரு மணி நேரம் போட்டால் போதும். நூடுல்ஸைத் தனியே வேகவையுங்கள்; அதன் மாவும் சூப்பைக் கலக்கும்.