எந்த ஷாட்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருச்சியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு முழுக் குறும்படம் கிடையாது. ஒரு முழுநீளப் படத்தின் தொடக்கத்தை மட்டும் இரண்டரை நிமிடத்துக்குள் எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, லால்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் பாட்டி வீட்டில், ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒரே நாளில் எடுத்து முடித்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன தாத்தாவிடமிருந்து பேரனுக்கு ஒரு கடிதம் வருகிறது என்பது கதை. வகுப்பில் திரையிட்டபோது, பார்ப்பவர்கள் பயப்பட வேண்டும் என்று நாங்கள் நினைத்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்போது, கற்றுக்கொண்ட பாடங்களைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். ‘திட்டமிடல் போதவில்லை, நேரம் போதவில்லை, நல்ல மைக் இல்லை, ஆனால் குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டோம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் வேறு யாரோ எழுதியதைப் போல இருக்கிறது. மீதிப் படமே இல்லாத ஒரு தொடக்கத்திலிருந்து உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? படத்தையும் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் படத்தை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை அப்படியே பார்த்தேன். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அதன் பிறகுதான் அறிக்கையைப் படித்தேன். வேறு யாரோ எழுதியதைப் போல இருக்கிறது என்று நீங்கள் சொல்வது சரிதான். கல்யாண வீட்டில் சாம்பாரைக் கோட்டைவிட்ட சமையல்காரர்கூட அதன் அடியில் கையெழுத்துப் போட்டுவிடலாம். திட்டமிடல் போதவில்லை, நேரம் போதவில்லை, பாத்திரம் சரியில்லை, ஆனால் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்.

இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைவிட மோசமான அறிக்கை ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் படித்த இடத்தில், பயிற்சிப் படத்துக்காக ஒவ்வொரு குழுவுக்கும் 16 மி.மீ. ஃபில்ம் 400 அடி ரோல் ஒன்று கொடுப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் அது 11 நிமிடம் ஓடும். மூன்று நிமிடக் காட்சியை எடுக்க வேண்டும் என்றால் ஒரு ஷாட்டுக்கு நான்காவது டேக் என்ற பேச்சே கிடையாது. வெளியூருக்கு வேலைக்குப் போகும் அண்ணனைத் தம்பி வழியனுப்புவதாக, ஒரு சிறிய ஊரின் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் எடுத்தோம். இரண்டு வாரம் கழித்து லேபிலிருந்து ரஷ், அதாவது எடிட் செய்யாத பிரதி, வந்தது. போட்டுப் பார்த்தால் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. இருவரும் திரையின் வலப்பக்கமாகவே பார்த்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் வரும் ஒரே பேருந்துக்காகக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள். இருவருக்கும் இடையே ஓடும் இமேஜினரி லைனை, அதாவது கேமரா எப்போதும் ஒரே பக்கமாக நிற்க வேண்டிய கற்பனைக் கோட்டை, நான் தாண்டிவிட்டிருந்தேன். லைன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. தம்பியின் குளோஸப்பில், பின்னால் இருந்த டீக்கடையின் ஆவி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஆனால் அறிக்கையில், மேகமூட்டத்தால் ஒளி போதாமல் போனது என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: ‘எந்த ஷாட்?’ கோபத்தோடுதான் அவரிடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் எடிட்டிங் மேசையில் ரீலை மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டார். ஒளி நன்றாகவே இருந்தது. எந்த ஷாட்டிலும் குறையில்லை. அன்று இரவு, ஏழாவது ஷாட்டைப் பற்றி மட்டும், டீக்கடை ஆவியையும் சேர்த்து, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு அவர் என்ன மதிப்பெண் போட்டார் என்பது நினைவில்லை.

அதே இரண்டு சொற்களைத்தான் இப்போது உங்கள் அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுத விரும்புகிறேன். ‘நல்ல மைக் இல்லை’ என்பதையே எடுத்துக்கொள்வோம். வகுப்பு சிரித்த இடம் 1 நிமிடம் 12ஆவது நொடி என்று நினைக்கிறேன். பேரன் திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரிக்கிறான்; அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டின் பல்லவி கேட்கிறது. கட் செய்து அவன் முகத்துக்குப் போகிறீர்கள். அங்கே வேறொரு பாட்டின் நடுச் சரணம் ஓடுகிறது. மறுபடி திண்ணைக்கு வருகிறீர்கள்; பல்லவி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கடைசியாக, காணாமல்போன தாத்தாவின் கையெழுத்தைப் பேரன் அடையாளம் கண்டு திடுக்கிடும் குளோஸப்பில், பக்தர்கள் அனைவரும் வரிசையில் நின்று கூழ் வாங்கிக்கொள்ளுமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொள்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நல்ல மைக் இருந்திருந்தால் கூழ் அறிவிப்பு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். நடந்தது என்னவென்றால், திண்ணை ஷாட்டை ஒரு வேளையிலும் குளோஸப்பை வேறொரு வேளையிலும் எடுத்திருக்கிறீர்கள். நிழல்களைப் பார்த்தால் இடையில் மூன்று நான்கு மணி நேரமாவது போயிருக்கும் என்று தோன்றுகிறது. நிழலின் மாற்றத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்கு கட் செய்வதைக் கண் எளிதில் மன்னித்துவிடும். காது அப்படி மன்னிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒரு கடிகாரத்தைப் போல, எந்த ஷாட்டை எப்போது எடுத்தீர்கள் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆடி மாதத்தில் கோயில் பக்கத்து வீட்டில் படம் எடுக்கிறவர் வசனம் உள்ள ஷாட்டுகளையெல்லாம் பாட்டு நிற்கும் இடைவெளியில் எடுக்க வேண்டும், அல்லது டப்பிங்குக்குத் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டாலும், காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் ஆம்பியன்ஸை, அதாவது சுற்றுப்புற ஒலியை, இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்திருக்கலாம். அந்த ஒரே ஒலியைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்திருந்தால், ஷாட் மாறும் இடங்களில் பாட்டு அறுபடாமல் போயிருக்கும். இந்தக் காட்சியில் வசனமே இல்லை என்பதால் அது உங்களுக்கு மிகவும் எளிது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கும் அந்த உறுமல் இசையைவிட, தெருவெல்லாம் திருவிழாப் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் செத்துப்போனதாக நினைத்த மனிதரின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. ஒலிபெருக்கியை நீங்கள் எதிரியாகவே பார்த்துவிட்டீர்கள். அறிக்கையில் எழுத வேண்டிய முதல் பாடம் இது. இதை எழுதினால், அடுத்த ஆண்டு ஆடியில் படம் எடுக்கப் போகும் இளைய மாணவருக்குக்கூட அது பயன்படும்.

இனி, மீதிப் படமே இல்லாத தொடக்கத்திலிருந்து என்ன கற்க முடியும் என்ற உங்கள் கேள்வி. மீதிப் படம் இல்லாததால்தான் நீங்கள் அந்த மீதியையும் தொடக்கத்துக்குள்ளேயே திணித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அலாரம் அடிக்கிறது, பேரன் எழுகிறான், பல் துலக்குகிறான் (மாணவர்களின் படங்களில் இத்தனை பேர் பல் துலக்குவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை), பின்னணியில் ஒரு குரல் தாத்தா யார், எப்போது போனார், யாரோடு சண்டை, எவ்வளவு நிலம் என்றெல்லாம் சொல்கிறது. கடிதம் வருவதற்கு முன்பே பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பிறகு அந்தக் கடிதத்தை அவன் ஏன் பிரிக்க வேண்டும்?

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பாட்டே இல்லாத படம் என்பதற்காக அதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதன் தொடக்கம். படம் ஆரம்பித்ததுமே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்று காட்டுவதில்லை. அவர் யார், என்ன வேலை பார்க்கிறார், மனைவி எப்படிப்பட்டவர் என்று எதையும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. அவையெல்லாம் பிறகு விசாரணையில், ஆளுக்கு ஒரு விதமாக, ஒன்றோடொன்று முரண்பட்டு வருகின்றன. அந்தக் காலத்து ரசிகர் யாரைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தாரோ அவரை முதலிலேயே கொன்றுவிட்டு, இனி எவர் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொடக்கம் எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதற்கான பதில் இறுதிவரை தள்ளிப் போகிறது. உங்கள் தொடக்கமோ நான்கு கேள்விகளை எழுப்பி, நான்குக்கும் பதிலையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கதவைத் தட்டுகிறது. பின்னணிக் குரலை முழுவதும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது படம் மேலும் நன்றாக இருந்தது.

டைட்டில் கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்கு பேர் எடுத்த இரண்டரை நிமிடப் படத்தில் பதினொரு கார்டுகள், 38 நொடிகள்.

மாமாவின் நடிப்பைப் பற்றி உங்கள் அறிக்கையில் ‘நடிகர்களிடம் உணர்ச்சியை வரவழைக்க முடியவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவராக வரும் உங்கள் மாமா கண்களை உருட்டி, குரலைத் தாழ்த்தி, சந்தேகத்துக்கு உரியவராக நடிக்கிறார். ‘மாமா, கொஞ்சம் மர்மமா இருங்க’ என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் நாள் படப்பிடிப்பை நடத்தியபோது, வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் நாணல் காட்டில் சிறுவன் அபு அக்காவைத் தேடிக்கொண்டு தயங்கித் தயங்கி நடக்க வேண்டியிருந்தது. சிறுவன் விறுவிறுவென்று நடந்தான். ராய் அவனுக்குத் தயக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவன் நடக்கும் பாதையில் சுள்ளிகளைப் போட்டுவைத்தார், உதவியாளர்களை நாணலுக்குள் ஆங்காங்கே ஒளிந்திருந்து வெவ்வேறு நேரத்தில் அவனைக் கூப்பிடச் சொன்னார். சுள்ளியைத் தாண்டுவதற்காக நின்று, கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்த்து அவன் நடந்தது, படத்தில் தேடலாகவும் தயக்கமாகவும் ஆகிவிட்டது. உங்கள் மாமாவிடம் மர்மத்தைக் கேட்பதற்குப் பதிலாக, வீட்டு எண்ணைத் தேடச் சொல்லியிருக்கலாம். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டச் சொல்லியிருக்கலாம். பழைய கால முத்திரை ஒட்டிய உறை ஒன்றை இப்போது பட்டுவாடா செய்ய நேர்ந்த மனிதருக்கு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு நடிப்பே தேவையில்லை.

அந்த நாணல் காட்டுக்கு அடுத்த முறை அவர்கள் போனபோது, மேய வந்த மாடுகள் பூக்களைத் தின்று தீர்த்திருந்தன. அந்தக் காட்சியின் மீதியை எடுக்க மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருந்தார்கள். ‘திட்டமிடல் போதவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. எந்தத் திட்டத்திலும் மாடு வந்து மேயத்தான் செய்யும். காத்திருக்கலாமா, வேறு புல்லை வைத்துச் சமாளிக்கலாமா என்று முடிவெடுக்க, அந்த ஷாட்டுக்கு அந்தப் பூ எதற்காக என்பது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கிணற்றடியில் எடுக்க நினைத்து, வெளிச்சம் போய்விட்டதால் தாழ்வாரத்தில் எடுத்ததாகச் சொல்லும் ஷாட்டில் கிணறு எதற்காக இருந்தது? கதைக்காகவா, அல்லது அழகாக இருக்கும் என்பதற்காகவா? அதை எழுதிவிட்டால் திட்டமிடலைப் பற்றி எழுதியதாகிவிடும்.

குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டோம் என்ற வரியை நான் நம்பவில்லை. உங்கள் நால்வரில், ஒவ்வொரு ஷாட்டின் விவரத்தையும் குறித்துவைக்கும் லாக் ஷீட்டை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதியிருந்தால், சுவர்க் கடிகாரம் ஒரு ஷாட்டில் 10.20ஐயும் அடுத்த ஷாட்டில் 2.45ஐயும் காட்டுவதை யாராவது பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு ஷாட். 1 நிமிடம் 56ஆவது நொடியில், பேரன் கடிதத்தோடு உள்ளே போன பிறகு, பாட்டி வாசலுக்கு வருகிறார். தெருவை ஒருமுறை பார்க்கிறார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்கிறார். கதவின் ஒரு பக்கத்தைச் சாத்துகிறார், மறு பக்கத்தில் கை வைத்து, என்னவோ நினைத்ததைப் போல, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார். ஒன்பது நொடிகள் இருக்கும், வசனம் இல்லை, பின்னணிக் குரல் இல்லை, கோயில் பாட்டுகூட அந்த நேரத்தில் தூரத்தில்தான் கேட்கிறது. இருபது ஆண்டுகளாக அந்தக் கதவு இரவில் எப்படிச் சாத்தப்பட்டு வந்திருக்கிறது என்பதை நான் அந்த ஒன்பது நொடிகளில் தெரிந்துகொண்டேன். திரையைப் பார்த்த இரண்டு முறையும் அங்கே நிறுத்திப் பார்த்தேன்.

இந்த ஷாட்டைப் பற்றி உங்கள் கடிதத்திலும் ஒரு சொல் இல்லை, அறிக்கையிலும் இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருப்பது பாட்டிக்குத் தெரியுமா? சாத்தச் சொன்னது நீங்களா, பாதியில் நிறுத்தியது அவரா? அது எத்தனையாவது டேக்? எடிட்டிங்கில் அதை அந்த நீளத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்று நால்வரில் யார் சொன்னது? அறிக்கையை அங்கிருந்து தொடங்கி எழுதுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.